பெட்டி உடைக்காத மெசின்

இல்ல மகள், நான் விக்கல்ல. நீ அனுப்பின கரண்ட் தையல் மெசின வித்துத் திண்டுட்டன் எண்டு போனில கத்தினாயே, அந்தப் பெட்டி இப்பவும் என்ட கண்ணுக்கு முன்னால மூலைக்குள்ள கயிறு கூட அவிழாமக் கிடக்கு. அதுக்கு மேல கோப்பைய வெச்சுத்தான் நான் சோறு திங்கிறன், அப்ப ஒரு வகையில அந்த மெசினாலதான் சாப்பிடுறன் எண்டும் செல்லலாம். மறுமொழி செல்ல வாயத் திறக்கக்குள்ள போன் செத்துப்போச்சு. நான் கோவத்தில வெச்சிட்டன் எண்டு நினைக்காத. இஞ்ச கரண்ட் இல்ல, போனுக்குச் சார்ஜ் போடக் கல்முனைக்குக் குடுத்தனுப்பணும், அது அங்க ரெண்டு நாள் விருந்தாடிட்டுத்தான் வரும். இத எழுதுற நம்மட எதிர்வீட்டுப் பரீனா, ஸலாம் செல்லாமச் சண்டையில தொடங்கிற வாப்பாவ நான் எங்கயும் காணல்ல எண்டு பேனையத் தூக்கிப் புடிச்சிட்டு இரிக்கா. சரி எழுது புள்ள. அன்பு மகள் றிஸ்னாவுக்கு வாப்பா றவூப் டெய்லர் எழுதிக்கொள்றது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாட காவலால நான் சுகம், மெசினும் சுகம், முழங்கால் மட்டும் கொஞ்சம் முறைக்கிது. குவைத்தில நீயும் சுகமா இரிக்க அஞ்சு வக்துத் தொழுகையிலயும் துஆக் கேக்கிறன்.

கால் மெசின இரும்புக்காரனுக்குப் போடுங்க வாப்பா, மிதிச்சு மிதிச்சு முழங்கால் தேயிது எண்டு செல்றாய். தேயிறது என்ட முழங்கால்தானே, உன்டயா? கடல் வந்த அண்டு உங்கும்மாவையும் கொண்டுபோச்சு, மெசினையும் கொண்டுபோச்சு, மெசின மட்டும் பள்ளிவாசல் மதிலடியில திருப்பி வெச்சிட்டுப் போச்சு. திருப்பித் தந்தத நான் இரும்புக்குப் போடுறதா? மண்ணெண்ணெயில ஊறவெச்சு, சக்கரத்துக்குள்ள இரிந்த மண்ண ஊசியால கிண்டி எடுத்து, புது வார் போட்டு ஓட்டினன், இண்டைக்கும் ஓடுது. மிதிச்சா ஓடும், விட்டா நிக்கும், ஒருத்தன்ட தயவும் தேவல்ல. பரீனாக்கும் நிவாரணம் குடுக்க வந்த வெள்ளக்காரக் கொம்பனி ஒண்டு கை மெசின் குடுத்திச்சு. கைப்புடிய மற்றப்பக்கம் சுத்தி, நூலச் சிக்காக்கி, ஊசிய முறிச்சிப்போட்டு, மெசின் சரியில்ல எண்டு என்னட்டத் தூக்கிட்டு வந்தா. இத நான் எழுத மாட்டன் எண்டு இப்ப அடம்புடிக்கா. எழுது புள்ள, குவைத்துக்கும் தெரியட்டும். எழுதாட்டி அடுத்த ஊசிக்கு நான் வரமாட்டன். தைக்கிறதில எனக்குக் குறையில்ல மகள், பொத்தான்தான் பிழைக்கிது. அது உங்கும்மாட வேலை எண்டு என்ட கை இன்னும் நினைச்சிட்டு இரிக்கி. போன கிழமையும் பக்கத்து வீட்டு மசூர் நான் தைச்சுக் குடுத்த பொத்தான் இல்லாத சட்டையோட ஜும்ஆவுக்குப் போய், நெஞ்சப் பொத்திப் புடிச்சிட்டுத் தொழுதானாம்.

சண்டை முடிஞ்ச சங்கதி நீ அங்க டீவியில பாத்திரிப்பாய். இஞ்ச வெடி கொளுத்தினானுகள், கடையெல்லாம் கொடி கட்டச் சொன்னானுகள், அண்டைக்கெண்டு பார்த்து கல்முனையில கரண்டும் போச்சு. கடைகள்ட மெசினெல்லாம் செத்த மாடு மாதிரிக் கிடக்க, கொடியெல்லாம் என்ட காலுக்கடியிலதான் வந்து விழுந்திச்சு. கீறுகள நேராத் தைச்சிட்டன், சிங்கம் வெட்டி ஒட்டக்குள்ளதான் ஒண்டு ஆடு மாதிரி வந்திட்டு. உயரத்தில கட்டுங்க, கிட்டப் போய்ப் பாக்காதீங்க எண்டு குடுத்தனுப்பினன். அந்த நேரத்திலதான் பெரியநீலாவணைத் தம்பிமுத்து வந்தான், உனக்குத் தெரியும்தானே, சின்ன வயசில உன்னத் தோணியில ஏத்திட்டுப் போய்க் கத்தவெச்ச மனிசன். வெடிச்சத்தத்துக்குள்ள வந்து, கொடியில தமிழாக்களுக்கெண்டு வெக்கிற செம்மஞ்சள் கீறுக்கு நான் வெட்டிவெச்சிரிந்த துண்டப் பார்த்திட்டு இரிந்தான். என்ன மச்சான், உனக்கும் கொடி வேணுமா எண்டு சீண்டினன். சிரிக்கல்ல. காக்கா, மகனுக்கு ஒரு சட்டை தைக்கணும், உசிரோட இரிக்கானாம், வவுனியா முகாமில எண்டு ஆள் வந்து செல்லிச்சு எண்டான். அந்த மகன் நிதுசன இயக்கக்காரனுகள் கொண்டுபோகக்குள்ள பள்ளிக்கூடம் போற வயசு. அளவென்ன எண்டு கேட்டன். மனிசன் கைய அவன்ட தோளுக்குக் கிட்டக் காட்டினான், மறுகா கொஞ்சம் உசத்தினான், மறுகா கையக் கீழ போட்டுட்டு, தெரியாது காக்கா எண்டான். நான் கொடித்துணிய ஒதுக்கிட்டுச் சீத்தைத் துணிய விரிச்சன் மகள். பக்கத் தையலுக்குள்ளயும் கைமடிப்புக்குள்ளயும் மூண்டு விரல் துணி உள்ளுக்கு விட்டுத் தைச்சன். வளந்திரிந்தாப் பிரிச்சு விடலாம், மெலிஞ்சிரிந்தா இன்னொரு தையல் உள்ளுக்குப் போடலாம் எண்டன். அவன் சட்டைய வாங்கி மூஞ்சில வெச்சு மணந்து பார்த்தான். புதுச் சீத்தையில என்ன மணம் இரிக்கும் சொல்லு.

அவன் போன பொறகு நீ அனுப்பின போட்டோவ எடுத்து வாசல் வெளிச்சத்தில வெச்சுப் பார்த்தன். நீ போகக்குள்ள நான் தைச்சுத் தந்த நீலச் சல்வாரப் போட்டிட்டு, வாப்பா சந்தோஷப்படுவார் எண்டு சிரிச்சிட்டு நிக்கிறாய். நல்லாத் திண்டு கொழுத்துட்டன், இஞ்சத்தச் சாப்பாட்டில உருண்டுட்டன் எண்டு பின்பக்கத்தில எழுதியும் இரிக்கி. அடியே, அது நான் வெட்டின தோள். உன்ட தோள் எலும்புக்கு மேல சரியா நிக்க வேண்டிய தையல் இப்ப கைக்கு இறங்கிக் கிடக்கு. கைமுனை மணிக்கட்டத் தாண்டி விரல மூடிட்டு. துணி வளருமா மகள்? கொழுத்தவளுக்குத் தோள் இறங்காது. வேற எந்த உடுப்ப உடுத்திட்டு நிண்டிரிந்தாலும் நீ என்ன ஏமாத்தியிரிப்பாய், டெய்லர்ட மகளா இரிந்தும் அந்தப் புத்தி உனக்கு வரல்லயே. இப்பதான் விளங்கிது, பெருநாளுக்குத் தைக்க அளவு அனுப்பு எண்டு கேக்கிற நேரமெல்லாம் நீ ஏன் கதைய மாத்துறாய், எனக்குத் தைக்க வேணாம் வாப்பா, இஞ்ச எல்லாம் விக்கிது எண்டு ஏன் செல்றாய் எண்டு. மசூர்ட பொண்டாட்டி வெள்ளிக்கிழமை குவைத்துக்குப் போறா, அவக்கிட்டத்தான் இந்தக் கடிதத்தக் குடுத்து விடுறன். இதுக்குள்ள நான் அளவெடுக்கிற இஞ்சி டேப் சுருட்டிக் கிடக்கு. தோள், மார்பு, இடுப்பு, கை நீளம் அளந்து எழுது. பொய் எழுதினாத் தைக்கிற எனக்குத் தெரியும், இஞ்சிக்கு இஞ்சி பொய் செல்ல உனக்கு வராது.

நோன்போட ஒப்பந்தம் முடியிதாம், இன்னும் ரெண்டு வருசத்துக்குப் போடப் போறன், மதில் கட்டணும் எண்டு செல்றாய். மதிலுக்குள்ள யார வெச்சுப் பூட்டப் போறாய், என்னயா? இந்தக் கிழவனத் தூக்கிட்டுப் போக எவன் வாறான்? கரண்ட் சங்கதியும் கேள். ரோட்டில கிடந்து ஆடு கட்டுற மரமா இரிந்த போஸ்டெல்லாம் நட்டாச்சு, இண்டைக்கோ நாளைக்கோ, கடலடிச்ச பொறகு கட்டித் தந்த இந்த வீட்டு ஸ்கீம் முழுக்கக் குடுக்கிறாங்களாம். நம்மட வீட்டுக்கு மட்டும் சுணங்கும். வீடு உன்ட பேரிலதானே, நம்மட ஊர் வழமையில பொம்புளப் புள்ளைக்குத்தான் வீடு, வாப்பாமாருக்கு என்ன, குசினிப்பக்கம் ஒரு பாய். வீட்டுக்காரி வந்து ஒப்பம் வெக்கணுமாம், கரண்ட் குடுக்கிற கந்தோர்காரன் செல்றான். அதால உன்ட கரண்ட் மெசின் பெட்டிக்குள்ள ஓய்வெடுக்கும், என்ட கால் மெசின் கடகடக்கும், நீ அங்க இரிந்து கத்திட்டு இரி. சாப்பாட்ட நேரத்துக்குத் தின்னு. நீ வேலை செய்ற அந்த வீட்டுப் பொம்புள கூப்பிடக்குள்ள வாயில சோறு இரிந்தா முழுங்கிட்டுப் போ, எறிஞ்சிட்டுப் போகாத. மறுகா எழுது பரீனா, ஸலாஹுதீன்ட மகன் இன்னும் கலியாணம் முடிக்காம

பரீனா போயிட்டா. அவட பக்கத்துக்குக் கரண்ட் வந்திட்டு, புள்ளயள் கூக்காட்டிட்டு ஓடுதுகள், அவவும் பேனையப் போட்டிட்டு ஓடிட்டா. செருப்பையும் இஞ்சயே விட்டிட்டா. இனி என்ட எழுத்து. மூண்டாம் வகுப்போட நிண்டவன்ட எழுத்து கோழி கிளறின மாதிரித்தான் இரிக்கும், பொறுத்து வாசி.

அவ போனது நல்லம். அவவுக்குத் தெரியாதது ரெண்டு இரிக்கி. எனக்கு இப்ப எல்லா நாளும் வேலை இல்ல மகள். சில நாள் நூலும் இல்லாம துணியும் இல்லாம சும்மா மிதிக்கிறன். சத்தம் கேட்டா றவூப் காக்காக்கு நிறைய வேலை எண்டு நினைப்பாங்க, பாவம் பார்த்துச் சோறு கொண்டு வர மாட்டாங்க. சத்தம் நிண்டா வீடு பெரிசாகிப் போகுது. மற்றது, கந்தோர்காரன் நல்ல புள்ள. வாப்பா ஒப்பம் வெச்சாப் போதும் எண்டுதான் செல்லிச்சு, பேனையும் நீட்டிச்சு. நான்தான் வெக்கல்ல. வீட்டுக்காரி வரட்டும் எண்டன். அந்தப் பெட்டியயும் நான் உடைக்க மாட்டன். நீயே வந்து உடை.

அல்லா உனக்கு உடம்பில பறக்கத்தத் தரட்டும், கண்ணூறு படாமக் காக்கட்டும். தோள் அளவ முதல்ல எழுது, மறந்திராத. மகரிபுக்குப் பாங்கு செல்லப்போறாங்க. ஸ்கீம் முழுக்க வெளிச்சம், நம்மட வீடு ஒண்டுதான் இருட்டு. அதுவும் நல்லதுதான். நீ ரோட்டால வரக்குள்ள எது நம்மட வீடு எண்டு தேடத் தேவல்ல.

உன்ட வீட்டுக் காவக்காரன்,
வாப்பா றவூப்