போர்வையும் கரும்பலகையும்

வாத்தியார் வீட்டம்மாவுக்கு,

தெருவில் உன்னை இன்னும் அப்படித்தானே கூப்பிடுகிறார்கள்? கூப்பிடட்டும், மறுக்காதே.

நீ அனுப்பிய போர்வை வந்தது. பாப்பாவுக்கு மூச்சிரைப்பு எப்படி இருக்கிறது? மருந்தை மட்டும் நிறுத்திவிடாதே. அதற்காகத்தானே பள்ளிக்கூடத்தை விட்டு இந்தத் தொழிற்சாலைக்கு வந்தேன்.

இங்கே ஷிப்டு முடிந்து போகிறவர்கள், அடுத்து வருபவர்களுக்கான குறிப்பைக் கரும்பலகையில் எழுதிவிட்டுப் போவார்கள். நேற்று, "மூணாம் மெஷின் ரிப்பேர், தொடாதே" என்று இருந்தது. கிளம்பும்போது நான் அதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டேன். அடுத்த வகுப்புக்குப் பலகையைத் துடைத்து வைக்காமல் இந்தக் கை என்றைக்கு அறையை விட்டு வெளியே வந்திருக்கிறது?

அடுத்து வந்தவர் மெஷினை ஓட்டிவிட்டார். நல்லவேளை, சட்டைக் கை கிழிந்ததோடு போயிற்று.

இன்று மேனேஜர் எல்லோரையும் நிற்கவைத்து, "போர்டை அழிச்சது யாருய்யா?" என்று கத்தினார். பக்கத்தில் நின்ற வெல்டர், "வாயைத் திறக்காதீங்க சார், புள்ளகுட்டிக்காரரு நீங்க" என்று என் காதில் சொன்னார். அதற்குள் என் கை மேலே போய்விட்டது.

வகுப்பில் இதே கேள்வியைக் கேட்டுவிட்டு, உண்மையைச் சொன்ன பிள்ளையை நான் ஒருநாளும் தண்டித்ததில்லை. இங்கே அந்த வழக்கம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். பாப்பாவிடம் லீவு என்று சொல்லிவை. போர்வையையும் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன்.

உன்,
வாத்தியார்