மடிக்காத இலை

என் ஆசை அண்ணே,

நேற்று உனக்கு முதல் திதி. கிள்ளான் வீட்டு ஹாலில் உன் படத்துக்கு முன்னால் இலை போட்டோம். உனக்குப் பிடித்த பாகற்காய் வறுவலை அண்ணி தாராளமாகவே வைத்தார். பக்கத்தில் சீனி குறைத்து, நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ. அதெல்லாம் உனக்கு வந்து சேர்ந்திருக்கும். உன் மகள் தேனுவைப் பற்றிய சேதியை மட்டும் நான்தான் சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவளைப் பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வாழையிலைச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போவாயே, ஞாபகம் இருக்கிறதா? அவள் மெலிந்துகொண்டே போன நாட்கள் அவை. சொந்தக்காரர்கள், "என்னா டயட்டுமா? எங்களுக்கும் சொல்லிக் குடு," என்று அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நீ கடையிலிருந்தே எனக்குப் போன் பண்ணுவாய். "சாப்டுட்டா லா மங்கை! எனக்கு முன்னாடியே இலைய மடிச்சிட்டா!" அந்தக் குரலைக் கேட்ட சந்தோஷத்தில் நானும் ஒரு பிடி கூடுதலாகச் சாப்பிடுவேன்.

ஒரு ஞாயிறு, மேசை துடைக்க வந்தவர் தூக்கும்போது அவள் இலை நழுவி விரிந்துவிட்டது. சோறு போட்டபடியே இருந்தது. நீ ரேடியோகூடப் போடாமல் கிள்ளான் வரைக்கும் ஓட்டி வந்தாயாம். "அப்பா திட்டியிருந்தா பரவால்ல அத்தை," என்று பின்னால் ஒரு நாள் என்னிடம் சொன்னாள்.

அதன் பிறகுதான் மருத்துவமனைக்குப் போனோம். டாக்டர் நோயின் பெயரைச் சொன்னார், அனோரெக்சியா என்று. சாப்பாட்டைக் கண்டாலே பயம் பிடித்துக்கொள்ளும், பிடிவாதம் என்று நினைத்துத் திட்டாதீர்கள், உயிருக்கே ஆபத்தான நோய் என்றார். நீ "என்னா டாக்டர், டைனோசர் பேரு மாதிரி இருக்கு லா," என்றாய். டாக்டர் சிரிக்கவில்லை. அண்ணி முறைத்தார். தேனு சிரித்துவிட்டாள். அவள் சிரித்து எத்தனை மாதமாகியிருந்தது!

வீட்டுக்கு வந்ததும் சட்டம் போட்டாய். "இனிமே நம்ம வீட்ல யாரும் இலைய மடிக்க வேணாம். தட்டையும் மூட வேணாம். மிச்சம் இருந்தா இருக்கட்டும், ஒளிக்காம இருந்தா போதும்." கல்யாண வீடுகளில்கூட நீ உன் இலையைத் திறந்து போட்டுவிட்டு எழுந்தாய். பந்தியில் பார்த்தவர்கள் முகம் சுளித்தார்கள். உனக்கு அதெல்லாம் உறைக்கவே இல்லை.

அப்படி இருந்தவன், போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் வேலை நேரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். எழுந்திருக்கவில்லை.

உன் கருமாதிச் சாப்பாட்டில் தேனு இலையை மடித்தாள். சாவு வீட்டில் எல்லோரும் செய்வது போல எதிர்ப்பக்கமாக மடித்தாள். யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. எனக்கு மட்டும் உன் சட்டம் ஞாபகம் வந்தது. அடுத்த மாதமே அவளை வார்டில் சேர்க்க வேண்டியதாயிற்று. அங்கே படுக்கையில் கிடந்தபடி கேட்டாள்: "அப்பாவே இல்ல. நான் யாருக்கு அத்தை தொறந்து காட்டறது?"

"எனக்குக் காட்டு," என்றேன். வேறு என்ன சொல்வது, நீயே சொல்.

அவள் வீடு திரும்பியதும், உன் வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி வாங்கினேன். மதியம் அவளோடு உட்கார்ந்து சாப்பிடுவதுதான் டாக்டர் எனக்குக் கொடுத்த வேலை. முதல் வாரம், உன் நாற்காலியில் நான் உட்கார்ந்ததற்குக் கத்தினாள். "அது அப்பாது! எந்திரிங்க!" பிறகு ஒரு நாள் அவளே அதை எனக்காக இழுத்துப் போட்டாள். 'சாப்டியா' என்ற வார்த்தையை நாங்கள் வீட்டில் நிறுத்திவிட்டோம். பக்கத்து வீட்டுப் பூனை, அவள் பார்க்கும் கொரிய நாடகம், இப்படி எதையாவது பேசுவோம். சோறு ஆறிப்போகும். சில நாள் தட்டு பறந்தது. சில நாள் காலியானது.

நேற்று வீடு நிறையச் சொந்தம். கூட்டத்தில் சாப்பிடுவது அவளுக்கு இன்னும் பெரும்பாடு. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மெல்ல மெல்லச் சாப்பிட்டாள். வடையைத் தொடவில்லை, கொஞ்சம் சோறும் மிச்சம். இலையை அப்படியே திறந்து விட்டுவிட்டு எழுந்தாள்.

செந்தூலிலிருந்து வந்த நம் சின்னம்மாவைத்தான் உனக்குத் தெரியுமே. "என்னாடி இது, இலைய மடிக்காம எந்திரிக்கிறே? அப்பன் திதியில மரியாதை வேணாம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் தேனு சொன்னாள்: "அப்பாதான் பாட்டி மடிக்க வேணாம்னு சொன்னாரு. நான் ஒளிச்சு வெப்பேன், அதனால. இன்னிக்கு என்னால முடிஞ்சது இவ்ளோதான். பாத்துக்குங்க."

சின்னம்மா அவளையும் இலையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, மடித்து வைத்திருந்த தன் இலையை மெல்லப் பிரித்தார். உள்ளே உன் பாகற்காய் வறுவல், மொத்தமும்.

"எனக்கும் ஆவாது லா இந்தப் பாவக்கா. செத்தவனுக்குப் பிடிச்சதாச்சேன்னு பேசாம மடிச்சேன்."

முதலில் சிரித்தது தேனுதான். பிறகு பந்தியில் இருந்த நம் மாமா தன் இலையைப் பிரித்தார். அதிலும் பாகற்காய்! அண்ணி அழுதுகொண்டே சிரித்தார். படத்தில் நீயும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாய், எப்போதும் போல.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும் அண்ணே. அந்த ஞாயிற்றுக்கிழமைகளில், மடித்த இலைக்குள் என்ன இருந்தது என்று உனக்கு நிஜமாகவே தெரியாதா? இல்லை, தெரிந்தும் எனக்கு அப்படிப் போன் பண்ணினாயா?

அவள் முழுசாகக் குணமாகிவிட்டாள் என்று உனக்குப் பொய் எழுத மாட்டேன். கதவைச் சாத்திக்கொள்ளும் நாட்கள் இன்னும் வருகின்றன. ஆனால் இன்று காலை அவளே வந்து கேட்டாள்: "அத்தை, ஞாயித்துக்கெழம பிரிக்ஃபீல்ட்ஸ் போலாமா? அப்பா உக்கார்ற மேசைக்கு?"

போகிறோம். உன் மகள் எவ்வளவு சாப்பிட்டாலும், எவ்வளவு மிச்சம் வைத்தாலும், எதிரே நான் உட்கார்ந்திருப்பேன். எங்கள் இரண்டு இலையும் திறந்தே இருக்கும். இது நான் உனக்குக் கொடுக்கும் வாக்கு.

உன் நாற்காலியில் உட்கார்ந்து இதை எழுதும்,
உன் தங்கை, தேனுவின் அத்தை,
மங்கை