என் மகள் பெயரிலுள்ள சாய்கோடு

அனுப்புநர்:
திருமதி சாரதாம்பாள் ஏ/பி பொன்னுதுரை,
காஜா பெராங்,
மலாக்கா.

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
மாணவர் சேர்க்கைப் பிரிவு,
ஸ்ரீ பாயு தாதிமைப் பயிற்சிக் கழகம்,
ஆயர் குரோ, மலாக்கா.

பொருள்: தங்கள் இணைய விண்ணப்பப் பக்கத்தின் செருகுநிரல் என் மகளின் பெயரைக் கண்டாலே நின்றுவிடுவது குறித்தும், அதனால் அவள்மீது விழுந்துள்ள ‘பொய்த் தகவல்’ என்ற குறிப்பை நீக்கக் கோரியும்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் காஜா பெராங்கில், கம்போங் செட்டிக்குத் திரும்பும் சாலையில் குடியிருப்பவள். பண்டார் ஹிலிரில் ஒரு தங்கும் விடுதியின் டோபிப் பிரிவில் வேலை செய்கிறேன். என் கணவர் கலியாணசுந்தரம் சென்ற ஆண்டு காலமாகிவிட்டார். எங்கள் ஒரே மகள் கோகிலா, பள்ளியில் எஸ்.பி.எம். தேர்வு முடித்து, தங்கள் கழகத்தில் தாதியாகும் மிஸ்ஸி படிப்புக்கு விண்ணப்பிக்க முயன்றவள். முயன்றவள் என்றுதான் எழுத முடிகிறது. விண்ணப்பித்தவள் என்று எழுதத் தங்கள் கணினி விடவில்லை.

இம்மனுவைத் தமிழில் எழுதியதற்குப் பொறுத்தருள வேண்டும். மலாயில் எனக்கு மரியாதையாகப் பேச வரும், வயிற்றெரிச்சலைச் சொல்ல வராது. மலாய் வடிவம் பின்னால் இணைக்கப்பட்டுள்ளது.

1. சான்றிதழ்களின் நகலை ஏற்றி அனுப்புவதற்கு, ‘பிளக்-இன்’ எனப்படும் செருகுநிரல் ஒன்றைப் பிரௌசரில் பொருத்திக்கொள்ள வேண்டும் என்று தங்கள் பக்கத்தில் அறிவிப்பு உள்ளது. பொருத்தினோம். அடையாள அட்டையில் உள்ளபடியே பெயரை எழுதவும் என்று சிவப்பு எழுத்தில் கண்டிருந்தது. அப்படியே எழுதினோம். ‘அனுப்பு’ என்பதை அழுத்தியதும் திரை சற்று யோசித்தது. பிறகு மூஞ்சியைத் தொங்கப்போட்ட சாம்பல் நிறப் பொம்மை ஒன்று வந்து, பிளக்-இன் நின்றுவிட்டது என்றது. எழுதியது, ஏற்றியது எல்லாம் போச்சு. மறுபடி எழுதினோம், மறுபடி அதே பொம்மை. ஜூலை மாதம் முழுக்க எங்கள் வீட்டில் அந்தப் பொம்மையின் மூஞ்சியில்தான் விழித்தோம்.

2. தங்கள் உதவி மையத்துக்குத் தொலைபேசியில் அழைத்தேன். பேசிய மலாய்த் தம்பி நல்ல பிள்ளை, அவரைக் குறை சொல்லமாட்டேன். ‘காக்’ என்று வாய்நிறைய அக்கா முறை சொல்லி அழைத்து, மூடித் திறந்து பாருங்கள் என்றார். செய்தோம். செருகுநிரலைக் கழற்றிவிட்டு மறுபடி பொருத்தச் சொன்னார். செய்தோம். பழைய பிரௌசரைப் போடச் சொன்னார், பிறகு புதிய பிரௌசரைப் போடச் சொன்னார். இரண்டையும் செய்தோம். கடைசியில், உங்கள் கணினியில்தான் கோளாறு என்று முடித்துவிட்டார்.

3. ஆகவே செமாபோக்கில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் திரு. தேவதாஸை வீட்டுக்கு அழைத்து வந்தேன். அவர் பெட்டியைத் திறந்து பார்த்ததும், “அக்கா, உள்ள கரப்பான் ஒரு குடும்பமே நடத்துது லா, வேற எப்படி வேலை செய்யும்?” என்றார். கரப்பானெல்லாம் போனது, பொம்மை போகவில்லை. பிறகு லைன் சரியில்லை என்றார். கடைசியாகத் தம் கடைக்கே கூட்டிச் சென்று, அங்கிருந்த புத்தம்புதிய கணினியில், சோதனைக்காகத் தம் பெயரையே எழுதி அழுத்தினார். அதிலும் நின்றுவிட்டது. என் பெயரை எழுதினார், நின்றுவிட்டது. கடைக்கு வந்திருந்த பூங்காவனம் அக்காளின் பெயரையும் எழுதிப் பார்த்தார். “இது ஒங்க வீட்டு பிரச்சினை இல்லக்கா, ஒலகத்துக்கே கெட்டுப் போச்சு!” என்று தீர்ப்புச் சொன்னார். நானும் நம்பினேன். உலகத்துக்கே கெட்டுப்போனால் அவர்களே சரிசெய்வார்கள் என்று வீட்டுக்கு வந்து சோறாக்கினேன்.

4. ஆனால் உலகத்துக்குக் கெட்டுப்போகவில்லை, ஐயா. எங்கள் வரிசையில் மளிகைக் கடை வைத்திருக்கும் திரு. கபீரின் மகள் ஹலீமா, கோகிலாவின் வகுப்புத் தோழி. அவளும் இதே படிப்புக்கு விண்ணப்பிக்க எங்கள் வீட்டுக்கே வந்தாள். அதே கரப்பான் பெட்டி, அதே நாற்காலி. எழுதி அழுத்தினாள், அனுப்பட்டுமா என்று கேட்டதற்கு ஆம் என்றாள். நன்றி, விண்ணப்பம் பெறப்பட்டது என்று பச்சை நிறத்தில் வந்தது. பாவம், அந்தப் பெண்ணுக்குச் சந்தோஷப்படக்கூடக் கூச்சமாகிவிட்டது. அந்த நேரத்தில் என் மனம் போன போக்கைத் தங்களிடம் மறைக்க விரும்பவில்லை. இயந்திரமும் ஆள் பார்க்கிறதா என்றுதான் நினைத்தேன்.

5. மறுநாள் திரு. தேவதாஸ் வந்து இரண்டு பெயர்களையும் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதிவைத்துப் பார்த்தார். ஹலீமா பிந்தி கபீர். கோகிலா ஏ/பி கலியாணசுந்தரம். பார்த்துக்கொண்டே இருந்தவர் தலையில் அடித்துக்கொண்டார். “என் பேருலயும் இருக்கு, ஒங்க பேருலயும் இருக்கு, பூங்காவனம் அக்கா பேருலயும் இருக்கு. எல்லாம் நம்ம ஆளுங்க பேராவே போட்டுப் பாத்தா எப்படி லா தெரியும்?” என்றார். ஏ/பி என்பதில் நடுவே உள்ள சாய்கோடுதான் கோளாறு. தங்கள் செருகுநிரல், ஏற்றும் சான்றிதழுக்கு விண்ணப்பதாரரின் பெயரையே வைக்கிறதாம். கணினிக்குச் சாய்கோடு என்றால் ஒரு பெட்டிக்குள் இன்னொரு பெட்டி என்று பொருளாம். ‘கோகிலா ஏ’ என்ற பெட்டியைத் தேடி, அப்படி ஒன்று இல்லாததால் அது திகைத்து விழுந்துவிடுகிறது. சோதனைக்காக ஏ/பி இருந்த இடத்தில், முஸ்லிம் பெயர்களில் மகள் என்பதைக் குறிக்கும் பிந்தியை எழுதி அழுத்தப் போனார். கடையிலிருந்து பார்க்க வந்திருந்த திரு. கபீர்தான், “யம்மா, என் மகளுக்கு ஒரு தங்கச்சியா?” என்று சிரித்துத் தடுத்தார். சாய்கோட்டை மட்டும் எடுத்துவிட்டு அழுத்தியபோது, அனுப்பட்டுமா என்று பச்சையில் கேட்டது. அனுப்பாமல் மூடிவிட்டோம். அடையாள அட்டையில் இல்லாத பெயரை எழுத எனக்குப் பயம்.

6. எங்களுக்கு இந்தச் சாய்கோடு நேற்று வந்ததல்ல. என் மாமனார் சேதுபதி, நாடு சுதந்திரம் பெற்ற சமயத்தில் குடியுரிமை பெற்றவர். அவருடைய சான்றிதழில் எஸ்/ஓ என்று இருக்கும். பிறகு மலாயில் ஏ/எல் என்றும் பெண்களுக்கு ஏ/பி என்றும் வந்தது. எழுத்து மாறியது, கோடு மாறவில்லை. இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்பதைத்தான் அது சொல்கிறது. பிறந்தது முதல் எல்லாத் தாளிலும் கூடவே வருவதால், அப்படி ஒன்று இருப்பதே எங்கள் கண்ணில் படவில்லை. தங்கள் செருகுநிரலைச் செய்தவர்கள் கண்ணிலும் படவில்லை போலும். ஒரே ஒரு தமிழ்ப் பெயரைப் போட்டுச் சோதித்திருந்தால் போதுமே, ஐயா!

7. நோன்புப் பெருநாள் விடுமுறை முடிந்து உதவி மையம் திறந்ததும் அழைத்து, கோளாறு இன்னதென்று சொன்னேன். அதே தம்பி மிகவும் மகிழ்ந்தார். அப்படியானால் ஏ/பியை எடுத்துவிட்டு அனுப்புங்கள், ஒன்றும் ஆகாது என்றார். அடையாள அட்டையில் உள்ளபடி எழுதச் சொல்லியிருக்கிறதே என்று கேட்டேன். பரவாயில்லை காக், நான்தானே சொல்கிறேன் என்றார். தங்கள் அலுவலகத்தின் குரல் என்று நம்பி அனுப்பினோம். பச்சை நிறம் வந்தது. கோகிலா என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். அவள் அப்பா போனபிறகு அந்த வீட்டில் யாரும் குதித்ததில்லை.

8. கடந்த வெள்ளிக்கிழமை மின்னஞ்சலில் பதில் வந்தது. பெயர் அடையாள அட்டையுடன் பொருந்தவில்லை. பொய்த் தகவல் அளிக்கப்பட்டதால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது, மறுபடி விண்ணப்பிக்க இயலாது. அன்றே வேலைக்கு அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு ஆயர் குரோவுக்கு ஓடி வந்தேன். முகப்பில் இருந்த பெண்மணி பொறுமையாகக் கேட்டார். பதிவு இலாகாவுக்குப் போய்ப் பெயரையே மாற்றிக்கொண்டால் இனி எங்கேயும் தொல்லை இருக்காதே என்று யோசனை சொன்னார். நல்லெண்ணத்தில் சொன்னதாகவே எடுத்துக்கொள்கிறேன். பதில் பேசினால் மரியாதை கெட்டுவிடும் என்று பேருந்து ஏறிவிட்டேன்.

ஐயா, எழுதினால் விழுகிறது, எழுதாவிட்டால் பொய் என்கிறீர்கள். என் மகள் எந்தப் பெயரில் உங்கள் வாசலுக்கு வருவது?

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் ஆகஸ்டு 31. அன்று சுதந்திர தினம், தங்கள் அலுவலகம் பூட்டியிருக்கும். ஆகவே வியாழக்கிழமை காலை கோகிலாவைக் கூட்டிக்கொண்டு, அவளுடைய அசல் சான்றிதழ்களையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு நேரில் வருகிறேன். அவளுடைய விண்ணப்பத்தைக் கையால் வாங்கிக்கொள்ள உத்தரவிட வேண்டுகிறேன். ‘பொய்த் தகவல்’ என்ற குறிப்பை அடியோடு நீக்க வேண்டுகிறேன். அவள் பொய் சொல்லவில்லை. உதவி மையத்துத் தம்பியைத் தண்டிக்க வேண்டாம். செருகுநிரலை மட்டும் சரிசெய்யுங்கள். எங்களைப்போல இன்னும் எத்தனை வீட்டில், கணினியில்தான் கோளாறு என்று பெட்டியைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களோ தெரியாது.

ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். நேற்று ஞாயிற்றுக்கிழமை, கோயில் அர்ச்சனைச் சீட்டில் கோகிலா தன் பெயரை வெறும் கோகிலா என்று எழுதி நீட்டினாள். அது அவள் அப்பாவின் திதிக்கான அர்ச்சனை. ஏன்டி, அப்பா பேர் எங்கே என்றேன். “போட்டா எங்கயாச்சும் நின்னுடும்மா, பயமா இருக்கு” என்றாள். கணினியைச் சரிசெய்ய ஆள் இருக்கிறார்கள், ஐயா. அப்பன் பெயரை எழுதப் பயப்படும் பிள்ளையை நான் எந்தக் கடைக்குக் கூட்டிப்போவேன்? வியாழக்கிழமை அவள் முழுப் பெயரையும் எழுதித் தருவாள். தாங்களே கைநீட்டி அதை வாங்கிக்கொள்ள வேண்டும்.

இடம்: காஜா பெராங், மலாக்கா
நாள்: 27.8.2012

வியாழக்கிழமையை எதிர்பார்த்திருக்கும்,

(கையொப்பம்)
சாரதாம்பாள் ஏ/பி பொன்னுதுரை

இணைப்பு: மலாய் வடிவம். மொழிபெயர்த்து உதவியவர் ஹலீமா பிந்தி கபீர்.