ஆடிக்கு முன் வாங்கிய பேண்ட்வித்

ஜூலை 9, 2004. வெள்ளி

காலையிலேயே புழுக்கம். சானடோரியம் ஸ்டேஷனிலிருந்து ஆபீஸ் வருவதற்குள் புடவை நனைந்தாச்சு.

வேலை: இன்டர்நெட் பேண்ட்வித் ரேட் ஒப்பிடல். மொத்தமாக வாங்கி, தாம்பரம், பம்மல் பக்கத்து பிரௌசிங் சென்டர்களுக்குச் சில்லறையாக விற்கிற சின்ன கம்பெனி எங்களுடையது. சிங்கப்பூரில் விலை சரிகிறது. லண்டனில் எப்போதோ சரிந்தாச்சு. கடலடியில் புது கேபிள் வந்தால் இங்கேயும் விழும்.

முதலாளி சாரிடம் சொன்னேன். "புது ஒப்பந்தம் இப்ப வேண்டாம், பழைய லைனையே கொஞ்ச மாசம் நீட்டிக்கலாம் சார். ரேட் கண்டிப்பா இறங்கும்."

"அடுத்த வாரம் ஆடி பொறக்குதும்மா. ஆடில கையெழுத்து போடமாட்டேன். முன்னாடியே முடிச்சிடணும்."

இந்தக் கணக்கு தப்பாகிப் போனால் ஆள் குறைப்பு. சார் போக மிச்சம் இரண்டு பேர். நான், லைன்மேன் பாபு. யார் போவது என்று யோசிக்கவே வேண்டாம். பாபுதான்.

வெண்டைக்காய் முற்றல். சாயங்காலம் சர்ச்சில் பாட்டுப் பயிற்சி, போகவில்லை.

ஜூலை 12, திங்கள்

தூறல். தெரு கூட நனையவில்லை.

மறுபடி சொன்னேன். சார் சிரித்தார். "மேரி, உங்களுக்கு இந்த ஆடி கணக்கெல்லாம் கிடையாது. எங்களுக்கு உண்டு." கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன். இன்னொரு தடவை பேசினால் ரேட் பேச்சு போய் மதப் பேச்சாகிவிடும். எரிச்சல்.

மாடியில் வயர் இழுத்துவிட்டு வந்த பாபு: "இன்னாக்கா, மூஞ்சி உர்ருனு கீது?" தலைவலி என்றேன்.

ஜூலை 14, புதன்

ராகு காலத்துக்கு முன் கையெழுத்து. மூன்று வருஷம், ஒரே விலை, நடுவில் மாற்ற முடியாது. சார் விடியற்காலையிலேயே திருநீர்மலை போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தாராம். எல்லோருக்கும் பால்கோவா. நன்றாகத்தான் இருந்தது.

விற்ற கம்பெனி ஆள் படியிறங்கும்போது செல்போனில்: "ஆடிக்கு முன்னாடியே முடிச்சிட்டேன் சார்." அவனுக்கென்ன ஆடி? எங்கள் சாரின் ஆடிதான் அவனுக்கு வியாபாரம்.

ஜூலை 19, திங்கள்

காற்று, புழுதி. தலை முழுக்க மண். பாபு லீவு. கல்யாணமான முதல் ஆடி, பெண்டாட்டியை அவள் அம்மா வீட்டில் விடப் போயிருக்கிறான்.

செருப்பு தைக்கக் கொடுக்கணும்.

ஜூலை 27, செவ்வாய்

அதே கம்பெனியின் புது ரேட், ஃபேக்ஸில். ஏறக்குறைய பாதி. புது வாடிக்கையாளருக்கு மட்டும். துணிக்கடைக்காரன் மாதிரி கேபிள்காரனும் ஆடித் தள்ளுபடி போட்டுவிட்டான். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

சார் திரும்பத் திரும்பப் படித்தார். "இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம்ல மேரி?"

சொல்லியிருந்தால் கேட்டிருக்க மாட்டார். அது அவருக்கும் தெரியும்.

ஜூலை 30, வெள்ளி

பம்மல் சென்டர்கள் எல்லாம் விலை குறைந்த வேறு கம்பெனிக்குப் போய்விட்டன. பாபுவை நிறுத்தணும், அதை நான்தான் சொல்லணுமாம். சாருக்கு மனசு வரவில்லையாம். எனக்கு மட்டும் வருமா?

டீக்கடையில் சொன்னேன். கிளாசைக் கீழே வைத்தான்.

"இந்த மாசத்தோடயாக்கா?"

"ஆமா பாபு."

டீக்காசை அவனே கொடுத்தான். அப்புறம் எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி:

"பரவால்லக்கா. ஆடி முடியற வரிக்கும் அவ அம்மா வூட்லதான கீறா. அதுவரிக்கும் அவளுக்குத் தெரியாது."