உலர் அலுமாரியில் ஒரு சோடி சொக்ஸ்

ஒக்டோபர் 14

மழை விடவில்லை. பசறையில் பஸ் ஏறும்போதே கால் இரண்டும் ஊறிவிட்டன.

காலையில் பொம்மைக் காருக்கான விளக்கு சர்கிட் போர்ட். மத்தியானம் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் காற்றாடிக்கான போர்ட். அடுத்த கிழமை மழைமணி, பெருமழைக்குச் சைரன் அடிக்கும் பெட்டி. யார் என்ன கேட்டாலும் செய்து கொடுக்கிற கம்பனி எங்களுடையது. எங்கள் பெயர் எந்தப் பொருளிலும் இருக்காது.

சாப்பாட்டு நேரத்தில், என்னோடு வேலை செய்யும் தயானி மகளின் வெள்ளை சொக்ஸைப் பிழிந்துகொண்டிருந்தாள். நமுனுகுலவிலிருந்து ஈரமாகவே பையில் போட்டுக் கொண்டுவந்திருக்கிறாள். பிள்ளைக்கு இருப்பது இரண்டே சோடி.

"அடுப்புக்கு மேல காயப்போட்டா புகை நாத்தம். ஸ்கூல்ல ஒருத்தியும் பக்கத்துல ஒக்கார மாட்டேங்குறாளாம்."

உலர் அலுமாரியின் சாவி என்னிடம்தான். தரம் பார்க்கிறவள் நான். பொதி பிரித்த சிப்புகளை அதற்குள்தான் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் இந்த மலைக்காற்றின் ஈரத்தைக் குடித்துவிடும். பிறகு ஈயம் உருகும் அடுப்புக்குள் போகும்போது அந்த ஈரம் கொதித்து, உள்ளே மயிரிழை அளவுக்கு வெடிப்பு விழும். அன்றைக்கு வேலை செய்யும். எப்போதோ ஒருநாள் நிற்கும். பயிற்சியில் எனக்குச் சொல்லித்தந்த முதல் பாடம்.

"குடு, காய வச்சுத் தர்றேன்."

"ஒண்ணும் ஆகிடாதே சக்தி?"

"ஒரு சோடி சொக்ஸ்ல என்ன ஆகப்போகுது."

ஒக்டோபர் 15

காலையில் அலுமாரி பீப் பீப் என்று கத்திக்கொண்டிருந்தது. ஈரப்பதன் ஐந்துக்குக் கீழே இருக்க வேண்டும். முப்பத்தொன்று காட்டியது. யாராவது கேட்டு வருவதற்குள் சத்தத்தை நிறுத்தினேன்.

சொக்ஸ் அப்பளம் மாதிரிக் காய்ந்திருந்தது. தயானி அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

ஒக்டோபர் 29

கீழ்த்தட்டில் இன்று ஒரு குழந்தைத் தொப்பி. யாருடையது என்று தெரியவில்லை. போன கிழமை ஹம்ஸியாவின் கையுறை. வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? ஆரம்பித்து வைத்தவள் நான்.

சத்தத்தை நிறுத்தியது நிறுத்தியபடியே இருக்கிறது. இனி அதைத் திரும்பப் போட்டுவிட்டால் ஓயாமல் கத்தும்.

நவம்பர் 6

காற்றாடி போர்ட் ஒன்று செத்துத் திரும்பி வந்திருக்கிறது. காற்றாடி நின்று கொழுந்து முழுக்க வீணாகிவிட்டதாம். அந்தத் தொழிற்சாலைக்காரர் தொலைபேசியில் கத்தியது வெளியே நின்ற எங்களுக்கே கேட்டது.

எங்கள் தலைமைப் பொறியியலாளர் இத்ரூஸ் சேர் சிப்பை வெட்டி, உருப்பெருக்கியில் வைத்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். வெடிப்பு. பாடத்தில் பார்த்த அதே படம்.

"எங்கால வந்த ஈரம் இது? பொதி வரக்குள்ளேயே பழுதோ?"

"இருக்கலாம் சேர்" என்றேன்.

இருக்கலாம். அப்படியொரு சொல் எனக்கு எவ்வளவு சுலபமாக வந்தது.

பிறகுதான் உறைத்தது. மழைமணிக்கான சிப்புகளும் அதே தட்டில்தான் இருந்தன. அந்தப் பெட்டிகள் போய்விட்டன.

நவம்பர் 9

மலைச் சரிவில் வரிசை வீடுகளாக இருக்கும் தோட்ட லயங்களுக்குத்தான் மழைமணி. கூரையில் மழை பிடிக்க ஒரு குவளை, சுவரில் ஒரு பெட்டி. அளவுக்கு மேல் பெய்தால் சைரன் அடிக்கும். மலை சரிவதற்குள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஸ்கூலுக்கு ஓடிவிட வேண்டும். கொழும்பில் ஒரு தொண்டு நிறுவனம் செய்யச் சொன்னது.

தயானி இன்று சிரித்துக்கொண்டே வந்தாள்.

"நாம செஞ்ச பொட்டிய எங்க லயத்துலயே மாட்டிட்டாங்க சக்தி. மீரியபெத்தை மண்சரிவுக்கு அப்புறம் மழை வந்தா எங்க அம்மா படுக்கவே படுக்காது. இப்ப அதுவும் தூங்குது, நானும் தூங்குறேன்."

நான் சிரித்தேன். சிரித்தேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 10

சொன்னால் முதலில் போவது தயானியின் வேலை. அவள் நிரந்தரம் இல்லை.

இதைத்தான் காரணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். உண்மையா? என் பதவி, என் பெயர், இத்ரூஸ் சேர் முகத்தில் என்னைப் பற்றி இருக்கும் மரியாதை— அதெல்லாம் கணக்கில் இல்லையா?

நவம்பர் 13

நூலகத்தில் எடுத்த நாவலை மூடிவிட்டேன். அதில் ஒருவன் தன் குற்றத்தைச் சொல்ல நானூறு பக்கம் எடுத்துக்கொள்கிறான். முன்பெல்லாம் இப்படிப்பட்டவர்களின் மனதை ரசித்து வாசிப்பேன். இவன் சொல்லாமல் தள்ளிப்போட்ட நாட்களில் யார் யார் எங்கே தூங்கிக்கொண்டிருந்தார்கள் என்று இன்றைக்குத்தான் கேட்கத் தோன்றியது.

மழை.

நவம்பர் 17

நேற்று முழுக்கக் கொட்டியது. காலையில் தயானி வருவாளா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தாள். கொட்டாவி விட்டபடி.

"மேல் லயத்துல பொட்டி அடிச்சிருக்கு. அவங்கெல்லாம் நனைஞ்சிக்கிட்டே ஸ்கூலுக்கு ஓடினாங்களாம், பாவம். எங்களது அடிக்கல. எங்க பக்கம் அவ்வளவு மழை இல்ல போல."

அந்த இரண்டு லயங்களுக்கும் நடுவில் ஒரு சின்னக் கோயிலும் மலைத் தண்ணீர் விழும் ஒரு பீலியும்தான். ஒரே மேகம். ஒரே மழை.

மலை சரியவில்லை. அது மலையின் தயவு. என்னுடையது இல்லை.

இத்ரூஸ் சேரின் அறைக்குப் போனேன். கதவைத் தட்டினேனா என்று நினைவில்லை.

"அலுமாரிக்குள்ள ஈரத் துணி வச்சது நான்தான் சேர். ஒரு சோடி ஸ்கூல் சொக்ஸ். என்னோடது."

அவர் என் காலைப் பார்த்தார்.

"ஒங்களுக்குக் கல்யாணமே ஆகல்ல. ஸ்கூல் புள்ளட சொக்ஸ் ஒங்கட காலுக்குப் போகுதா?"

காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

"சொக்ஸ் யார்டன்னு நான் கேக்கல்ல. சத்தத்த நிப்பாட்டினது யாரு?"

"நான்."

"எத்தின நாளா?"

"மழை தொடங்கினதிலிருந்து."

சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். என் முன்னாலேயே கொழும்புத் தொண்டு நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்தார். "மழைமணி எல்லாத்தயும் கழட்டணும். இல்ல, ஒண்டு ரெண்டு இல்ல, எல்லாத்தயும். புதுசு வாற வரைக்கும் அந்தச் சனத்த ஸ்கூல்ல படுக்க வைங்க. செலவு எங்கட."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

நவம்பர் 19

என்னைப் பொம்மை மேசைக்கு மாற்றிவிட்டார்கள். தயானியிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவளே வந்தாள்.

"ஒனக்கு எப்ப தெரியும்?"

"ஆறாந்தேதி."

"நான் தூங்குறேன்னு சொன்னது அதுக்கு அப்புறந்தானே."

"ஆமா."

"நீ சிரிச்ச."

பக்கத்து மேசைகளில் கைகள் நின்றுவிட்டன.

"சொக்ஸுக்காக என் வேல போனா போயிட்டுப் போகுதுன்னு இருந்திருப்பேன்டி. நான் தெரியாம செஞ்சது. ஒனக்குத் தெரியும். மொத நாளே தெரியும். தெரிஞ்சுதான் ஒண்ணும் ஆகாதுன்ன."

அவளைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவளிடம் சொல்லவேண்டும் என்று மட்டும் தோன்றவேயில்லை. ஏன் தோன்றவில்லை? யோசிக்க யோசிக்க அசிங்கமாக இருக்கிறது.

நவம்பர் 24

இன்று அவள் என் மேசையைச் சுற்றிக்கொண்டு போனாள்.

டிசம்பர் 3

கழற்றி வந்த பெட்டிகளைப் பரிசோதித்த முடிவு வந்தது. பெரும்பாலானவை நல்லவை. சிலவற்றில் வெடிப்பு. தயானி லயத்துப் பெட்டி அந்தச் சிலவற்றில் ஒன்று.

பொம்மைக் காரின் ஈயப் புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன். பக்கத்தில் இருக்கும் ரிஸ்கா கேலி செய்கிறாள், "அது பறக்கப் போற ப்ளேன் இல்ல புள்ள, ரெண்டு நாள்ல ஒடைக்கப் போற கார்." ஆனால் சிப்புக்குத் தான் எங்கே போகிறோம் என்று தெரியாது. பொம்மைக்குள்ளா, காற்றாடிக்கா, யாரோ தூங்குகிற வீட்டுச் சுவருக்கா. அலுமாரிக்கும் தெரியாது. தெரிந்தவள் ஒருத்திதான் அங்கே இருந்தாள்.

டிசம்பர் 12

ஈய அடுப்பின் சூட்டுக்காற்று வெளியே போகும் சுவரோரம் நீளமாக ஒரு கம்பி கட்டியிருக்கிறார்கள், துணி காயப்போட. மெனேஜர் எதிர்த்தாராம். "தடைன்னு எழுதி ஒட்டினா நாளைக்கு வேற எடத்துல ஒளிப்பாங்க. ஈரத்துக்குப் போக ஒரு எடம் வேணும்" என்று இத்ரூஸ் சேர் சொன்னாராம். அலுமாரியின் சத்தத்தை இனி யாரும் நிறுத்த முடியாது, அவர் அறையிலும் அடிக்கும்.

கம்பிக்கு "இத்ரூஸ் லோன்றி" என்று சலவைக்கடைப் பெயர் வைத்துவிட்டார்கள். சொக்ஸ், தொப்பி, கையுறை, இடுப்பில் கட்டும் ஒரு சாரம்கூடத் தொங்குகிறது.

தயானி எதையும் போடுவதில்லை. ஈரப் பை அவள் காலடியிலேயே கிடக்கிறது.

ஜனவரி 8

புதுப் பெட்டிகளை மாட்ட ஆட்கள் போனார்கள். இத்ரூஸ் சேர் என்னையும் வேனில் ஏறச் சொன்னார்.

தயானியின் லயம். பன்னிரண்டு வீடு. இத்தனை நாள் ஸ்கூலில் விரித்துப் படுத்த பாய்கள் வெயிலில் கிடந்தன. பெட்டியை மாட்டி முடித்ததும் அவள் ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"நீ ஊத்து."

ஏணியில் ஏறிக் குவளைக்குள் ஊற்றினேன். சைரன் அடித்தது. கதவுகள் திறந்தன. அவள் மகள் காதைப் பொத்திக்கொண்டு ஓடிவந்து அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"சரிதானே தங்கச்சி" என்றார் மாட்ட வந்தவர், சாமான்களைப் பையில் போட்டபடி.

தயானி அவரைப் பார்க்கவில்லை. "இன்னொருக்கா ஊத்து."

ஊற்றினேன். அடித்தது.

"இன்னொருக்கா."

அடித்தது. "இதுகளுக்கு வேற வேல இல்ல" என்று யாரோ ஒருவர் முனகிக்கொண்டே கதவைச் சாத்தினார். பிள்ளை காதிலிருந்து கையை எடுத்துவிட்டது. மறுபடி ஊற்றினேன். மறுபடியும். தோள் வலித்தது. வேடிக்கை பார்த்தவர்கள் எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள்.

குடம் காலியானது. கீழே நீட்டினேன்.

தயானி அதை வாங்கிக்கொண்டு பீலிக்குப் போனாள். நிரப்பி, இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, ஏணியில் நின்ற என் கையில் தந்தாள்.