அண்ணன் கை வைத்த ஏலம்

இன்று காலை கைபேசியில் ஒரு செய்தி வந்திருந்தது. பொருள் கைமாறிவிட்டது, வாங்கியவருக்கு எத்தனை நட்சத்திரம் தருகிறீர்கள் என்று அந்த ஏலத் தளம் கேட்டிருந்தது. வாங்கியவர் உன் அண்ணன். விற்றது உன் அக்கார்டியன். கல்லூரியில் பாடம் எடுக்கக் கிளம்பியவன் ஒரு காலில் மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். இதைப் பற்றி உன்னிடம் பேசாமல் வேறு யாரிடம் பேசுவது?

நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. தேனி ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு நீ படுத்திருந்த நாட்களில் உன்னால் ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்ல முடியாது. இரண்டு சொல், பிறகு ஓய்வு, பிறகு இரண்டு சொல். அப்படித்தான் உன் அக்கார்டியனைப் பற்றியும் சொன்னாய்.

"பெட்டிய வித்துரு மாப்ளே. வாசிக்கிறவன் கைக்குப் போகணும். வேற ஒண்ணும் வேணாம்."

போடியில் அதை வாசிக்க யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். கச்சேரிக்காரர்கள் எல்லாரும் கீபோர்டுக்கு மாறிவிட்டார்கள். நீ சிரிக்கப் பார்த்தாய், இருமல்தான் வந்தது. "நெட்ல ஏலம் விடுறாங்கள்ல, அதுல போடு. நமக்குத் தெரியாத ஏலமா?"

ஏலக்காயை ஏலம் விட்டே பிழைக்கும் ஊர்க்காரனின் பேச்சு அது. செல்வி கட்டிலின் மறுபக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். உன் மனைவி ஆனபின் எனக்கும் தங்கை ஆனவள். தலையை மட்டும் ஆட்டினாள். நான் வாக்குக் கொடுத்தேன்.

அந்த ஏலக்கூடத்துக்கு நீ என்னை ஒருமுறை அழைத்துப்போனது நினைவிருக்கிறதா? அப்போதுதான் கூவி விடும் ஏலம் போய்க் கம்ப்யூட்டர் வந்திருந்தது. ஆளுக்கொரு திரை, ஆளுக்கொரு பொத்தான். மாதிரிக் காயை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துவிட்டுத் தரையில் வீசுகிறார்கள். நடக்கும் இடமெல்லாம் காலுக்கடியில் காய் நொறுங்குகிறது. குரங்கணிக்காரர் ஒருவரின் காய் வந்தது, உன் மாமனார் தோட்டத்துக்குப் பக்கத்துத் தோட்டம். நல்ல பச்சை, பருவெட்டான பெரிய காய். அதை வாங்கியே தீருவது என்று என்னிடம் சொல்லிவிட்டு நீ பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்தாய், விலை ஏறிக்கொண்டிருந்தது. திடீரென்று கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாய். ஏன் நிறுத்திவிட்டாய் என்று கேட்டேன். நீ தாடையால் முன்வரிசையைக் காட்டினாய். அங்கே உன் அண்ணன் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவ்வளவுதான் நடந்தது.

"அண்ணன் கண்ணாடி போட்டா அந்த லாட்டு அவருக்கு வேணும்னு அர்த்தம். அவரு கை வச்ச லாட்ல நான் எப்பிடிடா ஏத்துவேன்?"

உனக்குத் தனி லைசென்ஸ் இருந்தது, தனிக் கடை இருந்தது, தனிக் கடனும் இருந்தது. என்ன இருந்து என்ன? சுற்றிலும் பார்த்தேன். நீ மட்டுமல்ல, உங்கள் சொந்தக்காரர்கள், பழக்கமான வியாபாரிகள் எல்லாருடைய கையும் மடியில் இருந்தது. யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. அது முறை என்றாய். காய் அவருக்குப் போனது. தோட்டக்காரர் பின்வரிசையில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அது புதிதல்ல. நமக்கு இருபத்துச் சொச்சம் வயதில் மதுரையிலிருந்து ஒரு மெல்லிசைக் குழு நம் இருவரையும் கூப்பிட்டது. நீ வாசிக்க, நான் பாட. பஸ் ஸ்டாண்டில் ஒரு பையோடு காத்திருந்தேன். நீ வரவில்லை. காய் எடுப்பு ஆரம்பித்துவிட்டது, மேலே தோட்டத்தில் ஆள் நிற்க வேண்டும் என்று உன் அண்ணன் ஜீப்பை அனுப்பியிருந்தார். நீ ஏறிப் போய்விட்டாய். அக்கார்டியன்காரன் இல்லாமல் பாட்டுக்காரன் மட்டும் எதற்கு என்று அவர்கள் என்னையும் வேண்டாம் என்றார்கள். பிறகு நீ வந்து சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "அண்ணன் சொல்லிட்டாரு மாப்ளே." உன் அண்ணன் அந்த அக்கார்டியனை இரைப்புப் பெட்டி என்பார். பிறகு உனக்கே இரைப்பு வந்தது. அதன் பின் அவர் அப்படிச் சொல்வதை நிறுத்திவிட்டார் என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லிவிடுகிறேன். கல்லூரி நிர்வாகக் குழுவில் அவர் இருந்தபோது எனக்கு வர வேண்டிய நிரந்தர வேலை யாருக்குப் போனது என்பதை நான் மறக்கவில்லை. அது வேறு கதை.

ஏலத்துக்குப் போட நானும் செல்வியும் உன் பெட்டியைப் படம் எடுத்தோம். அவள் பழைய சேலையால் ஒவ்வொரு பொத்தானாகத் துடைத்தாள். இடது கைப் பக்கம் ஒரு பொத்தான் அமுங்கினால் எழாது என்பதையும் மறைக்காமல் எழுதினேன். துருத்தி நன்றாக இருக்கிறது, ரீடுகள் சுருதி சேர்ந்திருக்கின்றன என்று ஆங்கிலத்தில் எழுதியபோது, பாட்டு வாத்தியத்தைப் பற்றி நான் எழுதி எத்தனை காலம் ஆயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் சில நாள் ஒன்றுமில்லை. பிறகு கட்டப்பனையிலிருந்து ஒருவர் எல்லாரும் பார்க்கும்படி அதன் கீழேயே கேள்வி கேட்டிருந்தார். பெயர் சாக்கோ. மலைமேல் சின்ன ஏலத்தோட்டம், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டுக் குழுவுக்கு அக்கார்டியன் வாசிப்பவர். போனில் பேசினோம். அந்த எழாத பொத்தான் எந்த வரிசையில் எத்தனையாவது என்று கேட்டார். அப்படிக் கேட்டதிலேயே அவர் வாசிக்கிறவர் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. "அது ஒண்ணும் பிரஸ்னமில்ல சாரே, ஞான் பாத்துக்கும்" என்றார். உன்னைப் பற்றியும் கேட்டார். நீ என்ன பாட்டெல்லாம் வாசிப்பாய் என்று கேட்டபோது நான் மிக நீளமாகப் பதில் சொல்லிவிட்டேன். அன்று மாலை அவர் விலை கேட்டார். சென்னையிலிருந்து ஒருவர் ஏற்ற, சாக்கோ அதற்கும் மேலே போனார். செல்விக்கு போன் செய்து, வாசிக்கிற கை கிடைத்துவிட்டது என்றேன்.

கெடுத்தது முருகேசன். ஏலக்கூடத்தில் உன் பக்கத்து நாற்காலி. உன் பாடைக்குத் தோள் கொடுத்தவன், கெட்டவன் இல்லை. வியாபாரிகளின் வாட்ஸப் குழுவில் உன் பெட்டியின் படத்தைப் போட்டு, நம்ம தம்பி பெட்டி, நல்ல விலைக்குப் போகணும், எல்லாரும் பாருங்க என்று எழுதினான். உதவி செய்கிறோம் என்றுதான் நினைத்தான். ஒரு மணி நேரத்தில் உன் அண்ணன் கடைப் பெயரில் ஒரு விலை விழுந்தது, சாக்கோவுக்குச் சற்றே மேலே.

நான் பதறவில்லை. சாக்கோ ஏற்றுவார் என்று நினைத்தேன். ஏற்றவில்லை. சென்னைக்காரர் ஏற்கெனவே விலகிவிட்டார். மறுநாளும் விலை அசையவில்லை. சாக்கோவுக்கு போன் செய்தேன். அவர் குரலே மாறியிருந்தது.

"போடியில இருந்து விளிச்சு பறஞ்சு சாரே. மரிச்ச வீட்டுச் சாதனம், சொந்தச் சேட்டன் கை வச்சது, ஞான் ஏத்துறது மரியாதை இல்லைன்னு. என் காயெல்லாம் அங்கதான் வருது."

யார் கூப்பிட்டது என்று கேட்கவே தேவையில்லை. முருகேசனிடம் போய் நின்றேன். அவன் பெருமையாகவே சொன்னான்.

"பெரியவரு கை வச்சுட்டாருண்ணே. துக்க வீட்டுச் சாமானுல போட்டியா போடுறது? வெவரம் தெரியாத மலையாளத்தான், பக்குவமா எடுத்துச் சொன்னேன். ஒடனே ஒதுங்கிட்டான்."

வாசிக்கிறவன் கைக்குத்தான் போக வேண்டும் என்று நீ சொன்னதை அவனிடம் சொன்னேன். அவன் என்னை நம்பவில்லை. நம்பாத பார்வைகூட இல்லை, பரிதாபப் பார்வை. "அவரு அண்ணனுக்கு மேல ஏத்துன ஆளாண்ணே?" என்று மட்டும் கேட்டான். நான் திரும்பி வந்துவிட்டேன். உனக்காகச் சொல்ல நீ ஒரு உதாரணம்கூட விட்டுவைக்கவில்லை.

இன்னும் ஒரு வழி இருந்தது. நம் ஏலக்கூடத்தில் விலை பிடிக்காவிட்டால் தோட்டக்காரர் தன் காயைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் அல்லவா? இந்தத் தளத்திலும் விற்பவர் ரத்து செய்யலாம், கொஞ்சம் கெட்ட பெயர் வரும், அவ்வளவுதான். செல்வியிடம் அதைச் சொன்னேன். அவள் அடுப்படியில் நின்றபடி கேட்டாள். அவளும் தோட்டக்காரர் மகள்தான், எடுத்துக்கொள்வது என்றால் என்னவென்று அவளுக்கு விளக்க வேண்டியதில்லை.

"எங்கய்யா ஒருக்கா அப்பிடி எடுத்தாரு. அந்த வருசம் பூரா அவரு காய ஒருத்தரும் சீண்டலண்ணே." பிறகு பாத்திரத்தை மூடிவிட்டுச் சொன்னாள்: "நாளைக்கு எம்மக கல்யாணத்துல முன்னால நிக்கப்போறவரு அவ பெரியப்பாதான். குடுத்துருங்க."

உன் வாக்கைச் சொன்னேன். உன் பெயரைச் சொன்னதும் அவளுக்குக் கோபம் வந்தது.

"சொன்னவரு போய்ச் சேந்துட்டாரு. நாந்தான இந்தத் தெருவுல நடக்கணும்?"

நேற்று பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதன் உறையைப் பூச்சி அரித்திருந்ததால் வாரை இரண்டு தோளிலும் மாட்டி, நெஞ்சில் சுமந்துகொண்டு உன் வீட்டிலிருந்து உன் அண்ணன் கடைக்கு நடந்தேன். துருத்தியைப் பூட்டும் வார் ஒன்று அறுந்திருந்தது. ஒவ்வொரு அடிக்கும் அது கொஞ்சம் விரிந்து கொஞ்சம் சுருங்கியது. அமுங்கிக் கிடக்கும் அந்தப் பொத்தானிலிருந்து ஒரே ஒரு கட்டைச் சுரம் என் நடைக்கேற்ப வந்துகொண்டிருந்தது. கடைவாசல்களில் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு வாசிக்கத் தெரியாது என்பது எல்லாருக்கும் தெரியும்.

உன் அண்ணன் எழுந்து வந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அழுதார். அது நடிப்பு என்று எழுத ஆசையாக இருக்கிறது, ஆனால் நடிப்பில்லை. மூக்கைத் துண்டில் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"எந்தம்பி மூச்சு இதுக்குள்ள இருக்கு வாத்தியாரே. வெளியாளு கை படலாமா?"

கல்லாவுக்கு மேலே உன் படம், மாலையோடு. அதன் கீழே ஆசாரி அளவெடுத்துவிட்டுப் போயிருந்த இடத்தைக் காட்டினார். அங்கே ஒரு கூண்டு வரப்போகிறதாம்: நாலு பக்கமும் கண்ணாடி, பூட்டு, உள்ளே ஒரு பல்பு. வாசிக்காமல் வைத்தால் ரீடு துருப்பிடிக்கும், துருத்தி இறுகிவிடும் என்றேன். வாசிக்க யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். கட்டப்பனை சாக்கோ என்றேன். அவர் முகம் மலர்ந்தது.

"நல்ல பய. சொன்ன ஒடனே ஒதுங்கிட்டானாம்ல."

அறுந்த வாருக்குப் பதிலாகக் காய் மூட்டை கட்டும் சணலைக் கேட்டு வாங்கி, துருத்தியை அவரே இழுத்துக் கட்டினார். கட்டும்போது கடைசியாக அந்தச் சுரம் ஒருமுறை வந்தது. முடிச்சு விழுந்ததும் நின்றது. எனக்குக் காப்பி வரவழைத்தார். குடித்தேன். அதுவும் முறைதான்.

வீட்டுக்கு வந்தபின் சாக்கோ கூப்பிட்டார். வேறொன்றும் கேட்கவில்லை. நீ வாசித்த பாட்டுகளை அன்று அடுக்கினேனே, அவற்றில் ஒன்றை மறுபடி சொல்லச் சொன்னார், ஞாயிற்றுக்கிழமை வாசிக்க. அவர் கையில் இருப்பது பாதி ரீடு போன பழைய பெட்டி. பெயரைச் சொன்னேன். மெட்டு ஞாபகமில்லை என்றார். போனில் பாடிக் காட்டினேன். என் குரல் கெட்டுப்போயிருக்கிறது. இரண்டாம் சரணத்தில் நீ ஒரு இடத்தில் வேண்டுமென்றே தாமதிப்பாயே, அந்த இடத்தில் உனக்காக நிறுத்திக் காத்திருந்தேன். பழக்கம். அவர் லைன் போய்விட்டது என்று நினைத்து அலோ, அலோ என்றார்.

உன்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அந்த பஸ் ஸ்டாண்டுக்காகவும் மன்னிக்கவில்லை, இதற்காகவும் மன்னிக்கவில்லை. அவசரமும் இல்லை. மன்னித்துவிட்டால் பிறகு உன்னிடம் பேச எனக்கு என்ன இருக்கிறது?