உள்ளங்கை அளவு வெறும் இரும்பு

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே என் இடது முழங்காலைத் தவிர மற்ற எல்லோரும் நலம். நீயும் மருமகளும் நலமாக இருப்பீர்கள், வேளைக்குச் சாப்பிடுவீர்கள் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன், இரண்டாவது விஷயத்தில் எனக்கு நம்பிக்கை கொஞ்சம் குறைவுதான். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் ஒன்றை ஆரம்பித்தால் நீ சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றிவிடுகிறாய், கடிதத்தில் அது நடக்காது. இந்த உறைக்குள் ஒரு சின்னப் பொருளும் வைத்து அனுப்ப வேண்டியிருக்கிறது, அது என்ன என்று கடைசியில் சொல்கிறேன், இப்போதே உறையைக் கவிழ்த்துத் தேடாதே. உன் அக்கா வீடு மாறிவிட்டாள், மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, வெளிச்சம் நன்றாக வருகிறது என்கிறாள், என் முழங்காலுக்கு வெளிச்சம் என்ன செய்யும் என்று கேட்கவில்லை. அப்பா கண்ணாடி மாற்ற மாட்டேன் என்று இன்னும் அடம்பிடிக்கிறார், கண்ணில் குறை இல்லை, பேப்பரில்தான் எழுத்தைச் சின்னதாக்கிவிட்டார்களாம்.

சொல்ல வந்தது ஆலை விஷயம். நீ சின்ன வயதிலேயே கேட்டுச் சலித்ததுதான், ஆனால் மருமகளும் படிப்பாள் என்பதால் அவளுக்காக ஒரு முறை சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆலையில் செயற்கை நூல் செய்வதற்கு கார்பன் டைசல்பைடு என்ற திரவம் டேங்கரில் வருகிறது, நாங்கள் சி.எஸ்.டூ என்போம். தண்ணீரைவிடக் கனமானது, தண்ணீரோடு சேராது, அதனால் தொட்டியில் அதன் மேல் தண்ணீரை நிறுத்தித்தான் வைத்திருப்போம். வெளியே கசிந்தால் ஆவியாகித் தரையோடு தரையாகப் போகும், பற்றிக்கொள்ள நெருப்புகூட வேண்டாம், நீராவிக் குழாயின் சூடு போதும். மூச்சில் போனால் முதலில் தலைவலி, வருடக்கணக்கில் போனால் கை கால் மரத்துப்போகும். நாற்றம் கொஞ்ச நேரத்தில் மூக்குக்குப் பழகிவிடும், அதனால் நாற்றம் இல்லை என்று யார் சொன்னாலும் நாங்கள் நம்புவதில்லை. திரவம் குழாயில் ஓடும்போது தானாகவே மின்சாரம் சேரும், அது பொறியாகத் தெறிக்காமல் மண்ணுக்குள் இறங்க எர்த் கம்பி போட வேண்டும். எங்கள் கம்பிக்கு இரண்டு முனையிலும் கிளிப், ஒன்று டேங்கரைக் கவ்வும், மற்றொன்று டேங்கர் நிற்கிற இடத்துத் தூணில், மண்ணுக்குள் இறங்குகிற இரும்புப் பட்டையைக் கவ்வும். அந்தப் பட்டையில் உள்ளங்கை அளவு இடத்தை மட்டும் பெயின்ட் அடிக்காமல் வெறும் இரும்பாக விட்டிருப்பார்கள், நடுவில் பெயின்ட் இருந்தால் மின்சாரம் போகாது. டேங்கர் வந்தால் இதையெல்லாம் பார்த்து, பதினோரு கட்டம் உள்ள தாளில் டிக் போட்டுக் கையெழுத்துப் போடுவது இருபத்திரண்டு வருடமாக என் வேலை. ஆலை முழுக்கப் பெயின்ட் அடிப்பது உன் அப்பா வேலை.

போன வருடம் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த ஒருவர் அந்தத் தூணைப் பார்த்து, பெயின்டர் இந்த இடத்தை மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு அது பேச்சோடு பேச்சு. உன் அப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே, சாப்பாட்டில் உப்பு இல்லை என்றால் தாங்குவார், அடித்த பெயின்டில் குறை என்றால் தாங்க மாட்டார். ஒரு வருடம் அதை மனதில் வைத்திருந்து, இந்த முறை அவர்கள் வரப்போகிறார்கள் என்றதும் அந்த உள்ளங்கை அளவு இடத்தையும் சேர்த்து அடித்துவிட்டார், அதுவும் இரண்டு கோட்டிங், நல்ல சாம்பல் நிறம். மறந்து அடிக்கவில்லை, எதற்காக விட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தேதான் அடித்தார். கிளிப்புக்குப் பல் இருக்கிறது, கடித்துக்கொண்டு உள்ளே போய்விடும் என்று நினைத்தாராம். அவரை மட்டும் சொல்லிப் பயனில்லை. மறுநாள் டேங்கர் வந்தது, நான் கிளிப் மாட்டியிருப்பதைப் பார்த்தேன், கிளிப்புக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. தாளில் மூன்றாவது கட்டமே பட்டை வெறும் இரும்பாக இருக்கிறதா என்பதுதான். நான் பதினோரு டிக்கும் மேஜையிலேயே ஒரே மூச்சில் போட்டுவிட்டுத்தான் வெளியே போவேன், பல வருடப் பழக்கம், கை தானாகப் போட்டுவிடும். தூண் பளபளவென்று இருந்தது கண்ணில் படத்தான் செய்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து, டேங்கர் நிற்கிற இடம் இப்போதுதான் பார்க்கிற மாதிரி இருக்கிறது என்று உன் அப்பாவிடம் நானே பாராட்டினேன். அவர் இன்னொரு டம்ளர் காபி கேட்டார்.

அடுத்த நாளும் ஒரு டேங்கர் இறக்கினோம். மூன்றாம் நாள் குழாய் மாட்டுவதற்கு முன்னால் எலக்ட்ரீஷியன் மாதச் சோதனைக்கு வந்தான். எதைக் கண்டாலும் மீட்டர் வைத்துப் பார்ப்பதால் அவனை மீட்டர் என்றுதான் கூப்பிடுவோம், அதற்காக அவனை எவ்வளவு கேலி செய்திருக்கிறோம் என்று உனக்குத் தெரியும். டேங்கருக்கும் பூமிக்கும் நடுவே வைத்துப் பார்த்தான், முள் அசையவில்லை. குனிந்து கிளிப்பைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "அக்கா, இது பெயின்ட்ட கடிச்சிட்டு நிக்குது, வண்டிக்கு எர்த்தே இல்ல" என்றான். வேலையை நிறுத்தினேன், டிரைவரை வாசலுக்கு அனுப்பினேன், மேனேஜருக்குச் சொன்னேன். எல்லாம் முறைப்படி செய்தேன். முந்தின இரண்டு நாளும் தூறல் இருந்தது, காற்றில் ஈரம் இருந்ததால் தப்பித்திருக்கலாம் என்றான் மீட்டர். அந்த இரண்டு நாளும் டேங்கர் பக்கத்தில் என்னையும் சேர்த்து நான்கு பேர் நின்றோம்.

அறிக்கை எழுத வேண்டும். மேனேஜர் நல்ல மனிதர், கதவைச் சாத்திவிட்டு, கிளிப் தேய்ந்துவிட்டது என்று எழுதிவிடுங்கள் அம்மா, உங்கள் வீட்டுக்காரர் ரிட்டயராக ஐந்து மாதம்தான் இருக்கிறது, அதற்குப் பிறகும் இரண்டு வருடம் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன், அது கெட வேண்டாம் என்றார். உண்மையைச் சொல்கிறேன், பேனாவை எடுத்து கிளிப் என்று எழுதியும்விட்டேன். அதற்குள் உன் அப்பா யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு வந்து நின்றார், கையெல்லாம் பெயின்ட். "கிளிப் மேல பழி போட்டா புதுக் கிளிப் வாங்குவாங்க. நாளைக்கு அதுவும் பெயின்ட்டதான் கடிக்கும்" என்றார். எழுதியதை அடித்துவிட்டு, பட்டையில் பெயின்ட் அடித்தது இன்னார், பார்க்காமல் டிக் போட்டது நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ரிட்டயரானதும் அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், அந்த இரண்டு வருடம் இல்லை. என்னை மூன்று மாதம் ஸ்டோரில் உட்கார வைத்திருக்கிறார்கள், திருகாணி எண்ணித் தாளில் டிக் போடுகிறேன். அப்பா திங்கட்கிழமைதோறும் உப்புத்தாள் எடுத்துப் போய் அந்த இடத்தைத் தேய்த்துவிட்டு வருகிறார், ஆலையிலேயே பார்க்க அசிங்கமான இடம் அதுதான் என்று திட்டிக்கொண்டே தேய்க்கிறாராம்.

இதில் உனக்கு என்ன என்று கேட்பாய். போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னாய், எங்கள் கம்பெனியில் பெயின்ட் கரைக்கிற தின்னர் வைக்கிற கிடங்கில் கேஸ் அலாரம் தினமும் மத்தியானம் சும்மா கத்துகிறது, அதன் வாயில் நானே டேப் ஒட்டிவிட்டேன், இப்போதுதான் நிம்மதியாகச் சாப்பிட முடிகிறது என்று. சொல்லிவிட்டுச் சிரித்தாய். மீட்டரின் முள் அசையாத அன்றைக்கு எனக்கு வராத பயம் அந்தச் சிரிப்பைக் கேட்டபோதுதான் வந்தது. அலாரம் சும்மா கத்தினால் ஏன் கத்துகிறது என்று பார்க்கச் சொல்லி எழுதிக் கொடு, கேட்கவில்லை என்றால் திரும்ப எழுதிக் கொடு, உன்னை நச்சரிப்பவன் என்பார்கள், சொல்லிக்கொள்ளட்டும், மீட்டரையும் அப்படித்தான் சொன்னோம். இனி அந்தப் பொருளைப் பற்றி. தாளில் மடித்து வைத்திருப்பது அந்தப் பட்டையிலிருந்து சுரண்டிய பெயின்ட் சில்லு. அப்பாதான் மடித்துக் கொடுத்தார், சின்னவனுக்கு அனுப்பு என்றார். நகத்தின் கனம்கூட இருக்காது, தொட்டுப் பார். பிறகு போய் நீ ஒட்டிய டேப்பைத் தொட்டுப் பார்.

இருவரும் நோய் நொடி இல்லாமல் நிறைந்து வாழ வேண்டும். மருமகளிடம் அவள் கேட்ட ஸ்வெட்டர் பாதி முடிந்தது என்று சொல். பதிலுக்குப் பக்கம் பக்கமாக எழுத வேண்டாம், அந்த டேப்பை உரித்து ஒரு உறையில் போட்டு அனுப்பு, அது வந்து சேர்ந்தால் போதும்.

இப்படிக்கு,
இப்போதெல்லாம் ஒவ்வொரு டிக்காகப் போடுகிற
உன் அம்மா